மீராசாவின் பவர் ஸ்டியரிங்

நம்ப முடியாதவர்கள் சாய்ந்தமருதில் சரீபாவைப் போய்க் கேளுங்கள். கூட்டாமல் குறைக்காமல் இதைத்தான் சொல்வாள். தொண்ணூற்றாறாம் ஆண்டு மாரியில் நடந்தது.

கணவன் மீராசா மௌத்தாகி இரண்டாம் மாதம். சரீபா இத்தாவில் இருந்தாள். அந்நிய ஆண்களின் முகத்தில் விழிக்காமல், வாசல் தாண்டாமல், இறந்த கணவனுக்காகப் பெண் வீட்டுக்குள் இருக்கும் காலம் அது. வீட்டு வளவுக்குள், மோதிர விரலால் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டி அவன் ஓட்டிய பழைய கார் நின்றது. முன்சக்கரச் சில்லுக்கு அடியில் எந்நேரமும் ஒயில் சொட்டும். பவர் ஸ்டியரிங் ஒழுகல். அவன் இருக்கும்போதே காருக்கு இருந்த வருத்தம்.

"மாமி, பாண்டிருப்பு மெக்கானிக் குணத்தைக் கூட்டி வந்து காட்டுவமா?" என்றான் மருமகன் அஹ்ஸன். "பஸ்மினாக்கு நாள் கிட்டிட்டு. நடுவழியில ஸ்டியரிங் இறுகிச்செண்டா என்ன செய்யிற?"

"பொனட்டத் திறக்கத் தெரியாத நீங்க எனக்குக் கார்க்கதை சொல்ல வேணாம் மகன். அவர் கை வெச்ச சாமான். இத்தா முடியட்டும், பாப்பம்."

சொல்லிவிட்டாளே தவிர, மனம் ஒரு நிலையில் நிற்கவில்லை. மகளின் பிள்ளைப்பேறு இத்தா முடியும்வரை காத்திருக்குமா? ஒவ்வொரு விடியலிலும் சுபஹு தொழுகைக்கு எழும்பி யன்னலால் காரைப் பார்ப்பாள். நேராக நின்ற முன்சில்லு இடப்பக்கம் திரும்பியிருக்கும். மறுநாள் வலப்பக்கம்.

"மகன், காரை எடுத்தீங்களா?"

"சாவி உங்கட தலகணிக்குக் கீழதானே மாமி கிடக்கு."

ஒரு நாள் அந்தி, மஃரிப் தொழுகை நேரம். அடைமழை. பஸ்மினாவுக்கு நோவு கண்டது. பக்கத்தில் வேறு வாகனம் இல்லை. சரீபா வெள்ளைச் சீலையால் முகத்தை மூடி, அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, மகளோடு பின்சீட்டில் ஏறினாள்.

கார் ஒடுங்கிய ஒழுங்கையில் திரும்பியது.

"எப்பிடி மகன், இறுக்கமா?"

"இல்ல மாமி. பூ மாதிரிக் கிடக்கு..."

கல்முனை றோட்டில் வெள்ளம். எதிரே ஒரு லொறி, கண்ணைப் பறிக்கும் வெளிச்சத்தோடு நேராக வந்தது. அஹ்ஸன் பயத்தில் இரு கையாலும் முகத்தைப் பொத்தினான்.

ஸ்டியரிங் திரும்பியது.

இடப்பக்கம். மெதுவாக. லொறி உரசாமல் போனது. பிறகு நேரானது...

டிக்... டிக்... ஸ்டியரிங்கில் மோதிரம் படும் சத்தம். அஹ்ஸன் மோதிரம் போடுவதில்லை.

மடியில் கிடந்த பஸ்மினா, கண் திறக்காமலே தகப்பனைக் கூப்பிட்டாள்.

"மெதுவாப் போங்க வாப்பா..."



பேரன் சுகமாகப் பிறந்தான். அடுத்த கிழமை, மழையில் கார் ஓடிய கதையைக் கேள்விப்பட்டு, அழைக்காமலே குணம் வந்தான். திரைச்சீலைக்கு உள்ளே சரீபா. வெளியே அவன், சாக்கில் சுற்றிய சாமானோடு.

"அக்கா, மீராசா காக்காட பவர் ஸ்டியரிங் பம்பு. மௌத்தாகிறதுக்கு முதல் நாள்தான் குழாய், ஒயில் போத்தல் எல்லாத்தோடயும் என்னட்டக் கழட்டித் தந்தவர். கொழும்பில இருந்து சாமான் வரச் சுணங்கிட்டு. இது இல்லாம ஸ்டியரிங் கல்லு மாதிரி இருந்திருக்குமே. எப்பிடி ஓடினீங்க?"

அஹ்ஸன் காருக்கடியில் குனிந்து பார்த்தான்.

அப்போதும் ஒயில் சொட்டிக்கொண்டிருந்தது...

"பூட்டட்டா அக்கா?" என்றான் குணம்.



"வேணாம் தம்பி," என்றாள் சரீபா. "இத்தா முடியும் மட்டும் அப்பிடியே கிடக்கட்டும்."