ஏறாத பூட்ஸ்

ஆர்.கே.புரம் மலைக்கோயிலின் அடிவாரத்தில், காலணி வைக்கும் இடத்தில் நிற்கிறேன். பொதிகை மலை ஏற நாளை மாலை ரயில். "மழைக்காட்டில் அட்டைகள் காலில் ஏறும். உயரமான பூட்ஸ் வாங்கு. புதுசாகவே வந்தால் கடிக்கும், ஏறிப் பழக்கிக்கொண்டு வா" என்று அம்பாசமுத்திரத்து நண்பன் எழுதியிருந்தான். டெல்லியில் வேறு மலைக்கு எங்கே போவது? இருபது நாளாகக் காலையில் ஸ்கூட்டரில் இங்கே வந்து, மூன்று முறை படியேறி இறங்குகிறேன்.

டோக்கனை நீட்டுகிறேன். காலணிகளைப் பார்த்துக்கொள்ளும் சேலத்து அம்மா பூட்ஸைத் தூக்கிப் பார்க்கிறார்.

"என்னா கனம்! எதுக்கு சார் தினமும் இதைப் போட்டுட்டு வரீங்க?"

"மலையேறிப் பழகத்தாம்மா."

"அச்சா! நீங்க ஏறறீங்க. இது இங்கயேதானே உக்காந்திருக்கு?"

பூட்ஸைத் திருப்பிப் பார்க்கிறேன். அடிப்பாகம் கடையில் இருந்த மாதிரியே பளபளக்கிறது.

"நாளைக்கு ரயில்மா. இப்ப என்ன பண்றது?"

"அரே, பயப்படாதீங்க சார். அங்கயும் கீழயே விட்டுட்டு ஏறுங்க. உங்களுக்கும் அதுக்கும் அதானே பழக்கம்."