மகள் இன்னொருத்தியை அம்மா என்றாள்

நான் நோயில் விழுந்தபோது, மகளைச் சித்தூரில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் சேர்த்தார்கள். மாதம் ஒருமுறைதான் பார்க்க விடுவார்கள். ஒருமுறை போனபோது, அங்கே வேலை செய்யும் சரோஜா அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். மகள் அவளை “அம்மா” என்றாள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

அன்று பெற்றோர் கூட்டம். “இங்க என்ன மாத்தணும், சொல்லுங்க” என்றார் அதிகாரி. சரோஜாவை மாற்றச் சொல்லத்தான் எழுந்தேன். ஆனால் அழுகைதான் முந்திக்கொண்டது.

“எம் பொண்ணுக்கு நான் தல வாரணும் சார். வாராவாரம் எங்கள உள்ள வுடுங்க.”

மற்ற தாய்மார்களும் எழுந்து நின்றார்கள். சரோஜாவும் எழுந்தாள். “ஆமா சார், பாப்பா தெனமும் இவங்களத்தான் கேட்டுக்கினு இருக்குது.”

அடுத்த வாரமே கதவைத் திறந்துவிட்டார்கள்.

உடம்பு தேறி நான் அழைத்துப் போக வந்த அன்று, மகள் சரோஜாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்போதும் வயிறு எரிந்தது. ஆனாலும் பிரித்து இழுக்காமல், நாங்கள் ஏற வேண்டிய பஸ்ஸைப் போகவிட்டேன்.