கல்குவாரிக் கப்பல்

லிஃப்டுக்குள் ரப்பர் வாசனையும் டால்கம் பவுடர் வாசனையும் கலந்து அடித்தன. இவை இரண்டும் சேர்ந்து வந்தால் இரண்டே காரணங்கள்தான் இருக்க முடியும். ஒன்று, பக்கத்தில் கைக்குழந்தை இருக்க வேண்டும். இல்லையென்றால் பவுடர் தூவி வைத்திருந்த முக்குளிக்கும் உடையை யாரோ பெட்டியிலிருந்து எடுத்திருக்க வேண்டும். திரும்பிப் பார்த்தேன். ஒன்பதாவது மாடி கார்த்திக், தன்னைவிடப் பெரிய பையோடு நின்றிருந்தார். சேலத்துப் பையன், பெங்களூர் வைட்ஃபீல்டில் மென்பொருள் வேலை. அடுத்த மாதம் ஏதோ கடலில் மூழ்கிக் கிடக்கும் கப்பலைப் பார்க்கப் போகிறாராம். அதற்கான ஒத்திகை எங்கள் குடியிருப்பின் நீச்சல் குளத்தில், இடுப்பளவு ஆழத்தில், செக்யூரிட்டியின் விசிலுக்கு நடுவே நடக்கிறது.

"அங்கிள், நீங்க அந்தக் காலத்துல டைவ் பண்ணுவீங்களாமே. சிலிண்டர முதுகுல கட்டறது நல்லதா, ரெண்டு பக்கமும் தொங்கவிடறது நல்லதா?"

ஓய்வு பெற்றவனிடம் கேள்வி கேட்பதன் அபாயம் அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு சின்ன பாக்கெட்டை எடுத்துக் காட்டினார். குழாய்கள் தொங்காமல் சிலிண்டரோடு சேர்த்து இறுக்கும் கறுப்பு ரப்பர் வளையங்கள். லேட்டஸ்ட் முறையாம், வெளிநாட்டிலிருந்து தருவித்தாராம். வாங்கிப் பார்த்தேன். சைக்கிள் டியூபை வெட்டியது. முகர்ந்தும் பார்த்தேன். சந்தேகமே இல்லை.

அந்த வளையத்தை நான் முதலில் பார்த்தது சிவாஜிநகரில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஆட்டோ சீட் தைக்கிற ஒரு கடையில். எங்கள் சங்கத்தின் கப்பல் கட்டும் தளமே அதுதான். ஆம், சங்கம். கடலே இல்லாத ஊரில் நாங்கள் சிலர் மூழ்கிய கப்பல்களைப் பார்ப்பதற்காக ஒரு சங்கம் வைத்திருந்தோம். நான் செயலாளர். தொழிற்சாலையில் ஆய்வுப் பிரிவில் இருந்ததால், தண்ணீருக்குள் தும்முவதற்குக்கூட என்னிடம் ஒரு நடைமுறை இருந்தது. அதையும் டைப் அடித்து வைத்திருந்தேன்.

கப்பல் இல்லாத குறையைத் தீர்த்தது ஒரு லாரி. ஊருக்கு வெளியே, கைவிட்ட கல்குவாரி ஒன்றில் மழைத்தண்ணீர் தேங்கி ஏரிபோல ஆகியிருந்தது. ஒருநாள் பாறை ஏற்றிய லாரி ஒன்று பின்னோக்கி உருண்டு அதற்குள் போய்விட்டது. டிரைவர் குதித்துத் தப்பினார். முதலாளி வந்து எட்டிப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். நாங்கள் அந்த இடத்தில் தேங்காய் உடைத்தோம்.

சங்கத்தில் மூத்தவர் சேவியர் அண்ணன். ரிச்சர்ட்ஸ் டவுன்காரர், ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் பேண்டில் டிரம்பெட் வாசிப்பவர். அவரிடம் ஒரு பழைய சிலிண்டர், கேன்வாஸ் பட்டை, ஈயக்கட்டி, சிவாஜிநகர் கசாப்புக் கடையில் வாங்கிச் சாணை பிடித்த கத்தி, இவ்வளவுதான். காற்றடைத்து மிதக்கும் ஜாக்கெட் கிடையாது. "நெஞ்சு இருக்குல்ல, அதான் ஜாக்கெட்டு" என்பார். காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்டும் மீட்டரும் கிடையாது. சிலிண்டர் ஓரமாக ஒரு கம்பி இருக்கும். காற்று குறைந்தால் மூச்சு இழுக்கக் கஷ்டமாகும். அப்போது கம்பியைக் கீழே இழுத்தால் கடைசிக் கொஞ்சம் காற்று திறக்கும். அதை வைத்து மேலே வந்துவிட வேண்டும். மீட்டரை அடிக்கடி பார்ப்பவன், தன் நாடியைத் தானே பிடித்துப் பார்க்கும் நோயாளி என்பது அவர் கட்சி.

எதிர்க்கட்சி ரகு. சிங்கப்பூரில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு, ஒரு கடையையே உடம்பில் மாட்டிக்கொண்டு திரும்பியவன். ஜாக்கெட், மீட்டர், உபரி மூச்சுக்குழாய் மஞ்சள் நிறத்தில், இரண்டு விளக்கு, விசில், கெண்டைக்காலில் கத்தி. அவன் தண்ணீரில் இறங்குவது தேர் நிலையை விட்டுக் கிளம்புவது போலிருக்கும்.

அந்த வருஷம் நிஜக் கப்பல் ஒன்றைப் பார்க்க அனுமதி கிடைத்தது. ரகு ஒரே பிடிவாதமாக, மீட்டர் இல்லாதவரை அழைத்துப் போகக் கூடாது என்றான். சேவியர் அண்ணன் ஒரு கப்பலையாவது தொட்டுப் பார்க்க வேண்டும் என்றுதான் சங்கத்துக்கே வந்தவர். அடுத்த வருஷம் டாக்டர் தன்னை விடமாட்டார் என்று என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். நான் என் வழக்கப்படி ஒரு பரீட்சை வைத்தேன். இருவரும் ஜோடியாக இறங்கி, லாரியின் ஒரு கதவில் நுழைந்து மறு கதவு வழியாக வர வேண்டும். வருபவர் கப்பலுக்குப் போகலாம்.

கரையில் உட்கார்ந்து குமிழ்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கொத்தாக வந்தன. பிறகு ஒரு கொத்தாயின. நான் எழுதிய விதிப்படி இந்தக் கட்டத்தில் கரையில் இருப்பவர் விசில் ஊத வேண்டும். ஊதினேன். தண்ணீருக்கு அடியில் விசில் கேட்காது என்பது ஊதும்போதுதான் உறைத்தது. ஒரு காலில் ரப்பர் துடுப்பை மாட்டி, மற்றதைத் தேடிக் குதித்துக்கொண்டிருந்தபோது இரண்டு தலைகள் ஒன்றாக மேலே வந்தன. சேவியர் அண்ணன் வாயில் ரகுவின் மஞ்சள் குழாய்.

அதைத் துப்பிவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை: "உன் அலங்காரம் மாட்டிக்கலேன்னா நான் ஏன் தம்பி அங்க நின்னிருக்கப் போறேன்?"

"என் அலங்காரம் இல்லேன்னா நீங்க இப்ப பேசிட்டு இருக்க மாட்டீங்கண்ணா."

நடந்தது இதுதான். முதலில் நுழைந்த ரகுவின் குழாய்கள் கியர் ராடில் மாட்டி, அவன் திரும்பியதில் ஸ்டியரிங்கையும் சுற்றிக்கொண்டன. காலில் இருந்த கத்திக்கும் கைக்கும் நடுவே ஸ்டியரிங். பின்னால் நுழைந்த சேவியர் அண்ணன் கசாப்புக் கத்தியை உருவினார். ரகு தலையையும் கையையும் ஆட்டித் தடுத்தான். குழாயை அறுத்தால் காற்று மொத்தமும் போய்விடும், அது சரிதான். இந்த ஊமைப் பஞ்சாயத்துக்கு நடுவில் அண்ணனுக்கு மூச்சு இறுகியது. கம்பியை இழுக்கக் கை வைத்தார். அது ஏற்கெனவே கீழே இருந்தது. நுழையும்போது கதவில் இடித்து இறங்கி, கடைசிக் காற்றும் அவருக்குத் தெரியாமலே செலவாகிவிட்டது. மிச்சம் இருந்தது ரகுவின் மஞ்சள் குழாய் ஒன்றுதான். அதுவும் கியர் ராடில் சுற்றிக் கிடந்தது. தெருக்குழாயில் வாய் வைத்துத் தண்ணீர் குடிப்பவர் போலத் தலையைச் சாய்த்து, அங்கேயே மூச்சு வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு சுற்றாகப் பொறுமையாக அவிழ்த்திருக்கிறார்.

என் நடைமுறைப்படி இருவரும் ஃபெயில். அதைச் சொன்னேன். சேவியர் அண்ணன் பாறையில் உட்கார்ந்து கம்பியை மேலே தூக்குவதும் கீழே இறக்குவதுமாக இருந்தார். ரகுதான் என் பக்கம் திரும்பிக் கன்னடம் கலந்து கத்தினான்.

"சும்னே இருப்பா உன் ரூல்ஸோட. அவர் வரலேன்னா நானும் வரல."

மறுநாள் மூவரும் சிவாஜிநகர் போனோம். அண்ணன் மீட்டருக்குச் சம்மதித்தார். ஆனால் அது வெளியே தெரியாமலிருக்க ரெக்ஸினில் ஒரு மூடி தைக்கச் சொன்னார். மனைவியின் தாலிகூட அவ்வளவு மறைவாக இருந்திருக்காது. ரகு பாதி அலங்காரத்தைக் கழற்றினான். மீதியைத் தொங்காமல் கட்ட, கடைக்காரர் ஒரு பழைய சைக்கிள் டியூபை வளையம் வளையமாக வெட்டிக் கொடுத்தார்.

கடலுக்கும் போனோம். தண்ணீர் அன்று சாம்பார் மாதிரி இருந்தது. நீட்டிய கையே தெரியவில்லை. சேவியர் அண்ணன் இறங்கி, தடவித் தடவி ஒரு இரும்புச் சுவரைக் கண்டுபிடித்து, தொட்டுவிட்டு வந்தார்.

"ஒண்ணும் தெரியலப்பா. நம்ம லாரியே தேவல."

சொன்னாரே தவிர, துரு படிந்த கையுறையை ரயில் ஜன்னல் கம்பியில் பெங்களூர் வரும்வரை தொங்கவிட்டிருந்தார். என்ன கறை என்று கேட்டவர்களிடமெல்லாம் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "கப்பல்."

சேவியர் அண்ணன் போய்ப் பல வருஷங்கள் ஆகின்றன. ரகு மகளோடு எங்கோ வெளிநாட்டில் இருக்கிறான். சீட் தைக்கிற கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். கல்குவாரியை ஊரின் இடிபாடுகளையெல்லாம் கொட்டி நிரப்பி, மேலே அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். அதில் ஒரு வீட்டை நான் வாங்கியது தற்செயல் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் இரண்டாவது பேஸ்மென்ட்டில் எப்போதும் தண்ணீர் கசிகிறது. குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் இன்ஜினியர்கள் வந்து குழாயைக் குறை சொல்கிறார்கள். நான் வாய் திறப்பதில்லை. லிஃப்ட் கீழே நின்றபோது கார்த்திக் கேட்டார்.

"பெங்களூர்ல டைவ் பண்ணிப் பழக மூழ்கின கப்பல் ஒண்ணும் இல்லையே, அங்கிள்?"

"இருக்கு. இதோ, இங்க கீழதான்."

மரியாதைக்குச் சிரித்துவிட்டுப் பையை இழுத்துக்கொண்டு போனார். சேவியர் அண்ணன் தலையைச் சாய்த்து மூச்சு வாங்கிய அந்தக் கியர் ராடு என் கணக்குப்படி பேஸ்மென்ட்டின் மூலைத் தூணுக்கு நேர் கீழே இருக்க வேண்டும். அங்கே மஞ்சள் பெயிண்டில், ‘விருந்தினர் வாகனங்களுக்கு மட்டும்’ என்று மூன்று மொழிகளில் எழுதி வைத்திருக்கிறார்கள்.