தலை தட்டாமல் நிரப்பிய ஆறு டப்பாக்கள்

காலை பத்து ஐம்பது. கடைக்குக் கிளம்பச் சட்டையை மாட்டிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்த அதே நொடியில் மொட்டைமாடியில் அது வெடித்தது. பட்டாசு மாதிரி இல்லை. தகரத்தைக் கிழித்துச் சுவரில் ஓங்கி அறைந்த மாதிரி. உடனே தண்ணீர் கொட்டும் ஓசை. அதற்குப் பின்னால் மாடிப்படி வழியாகக் கேஸ் நாற்றம் இறங்கி வந்தது.

என் மனைவி குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். முதலில் அடுப்பை அணைத்தாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, அது நீங்க ஒதுக்கி வச்ச டப்பாதான?"

மேலே ஓடினேன். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே நான் போட்டிருந்த குழாய் மூட்டு உடைந்து தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. தொட்டி நிழலில் வைத்திருந்த கேஸ் டப்பா கைப்பிடிச் சுவரோரம் கிடந்தது. நிழல் நகர்ந்துவிட்டதை நான் கணக்கில் எடுக்கவில்லை. உள்ளே குழிந்திருக்க வேண்டிய அடித்தட்டு பூரி மாதிரி வெளியே உப்பியிருந்தது. பக்கவாட்டில் அரைச் சாண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது.

அதே கையால், அதே அளவுக்கு நான் நிரப்பிய இன்னும் ஐந்து டப்பாக்கள் அந்த நேரத்தில் ஒரு காரின் டிக்கியில் மேகமலைக்கு ஏறிக்கொண்டிருந்தன. அந்தக் காரில் என் மகள் இருந்தாள்.

எனக்குச் சின்னமனூரில் சொட்டுநீர்க் குழாய்க் கடை. இயற்பியல் படித்தவன். எந்தக் குழாயையும் எந்தக் குழாயோடும் இணைத்துவிடுவேன் என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது. வாழைத் தோட்டக்காரரும் திராட்சைத் தோட்டக்காரரும் பொருந்தாத பொருளை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள். இந்த அசிங்கத்துக்கெல்லாம் அங்கேதான் ஆரம்பம்.

மகள் கல்லூரியில் கடைசி வருடம். மூன்று தோழிகளோடு மலையில் கூடாரம் போட்டுத் தங்குவது இது இரண்டாவது தடவை. முதல் தடவை போனபோதே மடக்கிக் கையில் எடுத்துப் போகும் அடுப்பு ஒன்று வாங்கியிருந்தார்கள். அதற்கு டியோடரண்ட் டப்பா மாதிரி ஒரு கேஸ் டப்பா மாட்ட வேண்டும். தீர்ந்தால் தூக்கி எறிய வேண்டியதுதான். மலையில் அந்த டப்பாக்கள் கிடக்கும் லட்சணத்தைப் பார்த்தவன் நான். அதனால் காலி டப்பாவை அங்கே போடக் கூடாது, திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினேன். சொன்னபடியே ஆறு காலி டப்பாக்களைக் கொண்டுவந்தாள்.

இரண்டாவது தடவைக்கு அஞ்சு கிலோ சிலிண்டர் வாங்கித் தருகிறேன் என்றேன். பெட்ரோல் பங்க்கிலேயே கிடைக்கிறது. அடையாள அட்டையைக் காட்டி வாங்கலாம், தீர்ந்தால் கொடுத்துவிட்டு நிரம்பியதை வாங்கிக்கொள்ளலாம். தூக்கி எறிய ஒன்றும் இல்லை. தலைமேல் ஒரு பர்னரைத் திருகிவிட்டால் அடுப்பு.

"அதத் தூக்கிட்டு மலைக்குப் போயி என்னப்பா, பஜ்ஜிக் கடையா போடப் போறோம்?" என்றாள் மகள். "போட்டோல பாத்தா சிரிப்பாக."

நானும் சிரித்தேன். ஒரு தகப்பனாக நான் அடம் பிடித்திருக்க வேண்டிய இடம் அது. விட்டுவிட்டேன். விட்டதோடு நிற்கவும் இல்லை. இந்தக் காலி டப்பாக்களை ஏன் எறிய வேண்டும், வீட்டுச் சிலிண்டரிலிருந்து நிரப்பினால் என்ன என்று தோன்றியது. அதற்கென்றே ஒரு அடாப்டர் இணையத்தில் விற்கிறார்கள். வந்ததும் கையில் உருட்டிப் பார்த்தேன். மரை அழகாக வெட்டியிருந்தது. 'மீண்டும் நிரப்பக் கூடாது' என்று டப்பாவிலேயே ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. படித்தேன். படித்துவிட்டு, "புது டப்பா விக்கணும்ல, அப்பிடித்தான் எழுதுவாக" என்று மனைவிக்கு விளக்கமும் சொன்னேன். இப்போது நினைத்தால் வாயைக் கழுவ வேண்டும் போல இருக்கிறது.

கொல்லைப்புறத்தில் வைத்து நிரப்பினேன். "எலி செத்துக் கெடக்குற மாதிரி நாறுது, இந்தப் பொழப்பு எதுக்கு?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டாள் மனைவி. நான் கேட்கவில்லை. சுற்றுச்சூழலுக்கு நல்லது செய்கிறேன் என்ற நினைப்பு வேறு.

எங்கள் பக்கத்தில் அளப்பதென்றால் ஒரு வழக்கம் உண்டு. படியில் அரிசி அளந்தால் மேலே கோபுரமாக நிற்க வேண்டும். மேற்பரப்பை விரலால் வழித்துத் தலை தட்டிக் கொடுப்பவனைக் கஞ்சன் என்பார்கள். பால்காரர்கூட அளந்து முடித்து ஒரு சொட்டு மேலே ஊற்றுவார். அந்தக் கையோடுதான் நானும் வளர்ந்தேன். ஒவ்வொரு டப்பாவையும் அதற்குமேல் கொள்ளாது என்கிற வரை நிரப்பினேன். மகளுக்குக் கொடுத்தனுப்புவதில் குறை வைக்கக் கூடாது அல்லவா?

கேஸ் அப்படி அளக்கும் பொருள் இல்லை. சூடு ஏறினால் உள்ளே இருக்கும் திரவம் விரியும். விரிய இடம் வேண்டும். சிலிண்டர் நிரப்பும் இடத்தில் எடை போட்டு, வேண்டுமென்றே வெற்றிடம் விட்டுத்தான் அடைக்கிறார்கள். அந்தக் குறைதான் உயிரைக் காப்பாற்றுகிறது. போதாதற்கு வீட்டுக் கேஸின் அழுத்தம் அந்த மெல்லிய தகரத்துக்கு அதிகம். இரும்புச் சிலிண்டர் தாங்கும், கழுத்தில் சோதனைத் தேதி அடித்திருக்கும். ஒரு தடவை பயன்படுத்தி எறியச் செய்த டப்பா எதைத் தாங்கும்? இதையெல்லாம் படித்துத் தேர்வு எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான்.

ஆறில் ஒன்றின் வாயில் லேசாகக் கசிவு இருந்தது. அதை மட்டும் ஒதுக்கி மாடியில் வைத்தேன். கசிந்த டப்பாவே வெடித்துவிட்டது. கசியாத ஐந்தை என் கையாலேயே அட்டைப்பெட்டியில் அடுக்கிக் காரில் ஏற்றியிருந்தேன்.

மகளுக்குப் போன் அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மலை ஏறத் தொடங்கினால் அப்படித்தான். நாலு தடவை அந்தப் பெண் குரல் அதையே பொறுமையாகச் சொன்னது. காரை ஓட்டுபவர் ஒரு தோழியின் சித்தப்பா. அவருக்கும் கிடைக்கவில்லை. தோழியின் அம்மாவுக்கு அடித்தேன். டப்பா வெடித்ததைச் சொல்ல நாக்கு வரவில்லை. "கார்ல கேஸ் டப்பா இருக்கு, சிகரெட் கிகரெட் பத்த வைப்பாரோன்னு…" என்று இழுத்தேன்.

"அட, நீங்க ஒண்ணு! எங்க கொழுந்தனாரு கார்க்குள்ள குடிக்க மாட்டாக. நிறுத்தி எறங்கித்தான் குடிப்பாக. நீங்க பயப்படாதீக" என்று சிரித்தார் அவர்.

மனைவி திட்டவில்லை. வண்டிச் சாவியை எடுத்து நீட்டினாள். "போயி பிள்ளையக் கூட்டிட்டு வாங்க" என்றாள். திட்டியிருக்கலாம்.

அடிவாரத்துச் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தினேன். வெயில் தார் ரோட்டில் நெளிந்தது. வெள்ளைக் கார், நாலு பெண் பிள்ளைகள் என்றதும் அங்கிருந்தவருக்கு நினைவு வந்தது.

"இங்கன மரத்தடியிலதான் சாப்பிட்டாக. போயி முக்கா மணி நேரம் இருக்கும் சார். என்னா, பிள்ள சொல்லாமக் கொள்ளாமக் கெளம்பிருச்சா?"

"இல்லங்க. டிக்கியில ஒரு பெட்டி இருந்துச்சே, பாத்தீகளா?"

"சரக்குப் பாட்டில் இருக்கான்னு பாத்தேன். இல்ல. ஏதோ டப்பாதான் இருந்துச்சு. ஏன் சார், வேர்த்துக் கொட்டுது ஒங்களுக்கு? தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

குடிக்கவில்லை. ஏறினேன். மேலே போகப் போகக் குளிரும், குளிர்ந்தால் திரவம் சுருங்கும் என்று எனக்கு நானே பாடம் நடத்திக்கொண்டு ஓட்டினேன். அடுத்த வளைவிலேயே, கண்ணாடி மூடிய கார் வெயிலில் நின்றால் உள்ளே என்ன ஆகும் என்று அதே மூளை சொன்னது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் திரும்பும் முன் கண்ணை மூடத் தோன்றியது. எதையாவது பார்த்துவிடுவேனோ என்ற பயம்.

பாதி மலையில், எல்லோரும் நின்று படம் எடுக்கும் வளைவில் இறங்கினேன். அங்கே நின்றிருப்பார்களோ என்று பார்க்கத்தான். யாரும் இல்லை. தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். பிரியாணி எச்சில் தட்டுகள், குழந்தை நாப்கின்கள், மதுப் பாட்டில்கள். ஒரு குரங்கு ஊறுகாய் உறையைக் கிழித்து நக்கிக்கொண்டிருந்தது. யாரோ சுவரோரமே மலம் கழித்து அதன்மேல் காகிதக் கோப்பையைக் கவிழ்த்திருந்தார்கள். அதற்கு நடுவே கேஸ் டப்பாக்கள். மகள் வைத்திருந்த அதே ரகம். துருப்பிடித்தவை, புதியவை. ஒன்றைத் தீயில் போட்டிருக்கிறார்கள். கரிந்து, வாழைப்பழத் தோலை உரித்தது போல நாலு பக்கமும் விரிந்து கிடந்தது. ஒரு அங்குலத் தகரம் பக்கத்து மரத்தின் பட்டைக்குள் புகுந்து நின்றது.

அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். அவர்கள் போட்ட குப்பைமேல் என்னுடையதும் விழுந்தது. இத்தனை நாளும் இந்த ஜனங்களைப் பார்த்து முகம் சுளித்தவன் நான். அவர்கள் காலி டப்பாவைத்தான் எறிந்தார்கள். நான் அதை நிரப்பி என் பிள்ளைக்குப் பின்னால் வைத்து அனுப்பினேன்.

தேயிலை தொடங்கும் இடத்தில் காரைப் பார்த்தேன். சாலையோரம் கோணலாக நின்றது. நாலு கதவும் திறந்திருந்தன. டிக்கியும் திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை. வண்டியை ஸ்டாண்டு போடக்கூட இல்லை, அப்படியே சாய்த்துவிட்டு ஓடினேன். காருக்கு அந்தப் பக்கம் ஒரு செருப்பு தனியாகக் கிடந்தது. அது யாருடையது என்று குனிந்து பார்த்தபோது, "அப்பா?" என்று குரல் கேட்டது.

கொஞ்சம் மேலே, பாறை நிழலில் நாலு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மகள் ஒற்றைச் செருப்போடு இறங்கி வந்தாள். "நீங்க எதுக்குப்பா வந்தீக?"

அவள் கையைப் பிடித்தேன். முகத்தை, கழுத்தை, இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "என்னப்பா, மாட்டுச் சந்தையில பாக்குற மாதிரி பாக்குறீக!" என்றாள். ஆனால் பிடித்த கையை அவள் விடவில்லை.

வரும் வழியில் பின்னால் 'டொக்' என்று சத்தம் கேட்டதாம். டயரில் கல் என்று நினைத்திருக்கிறார்கள். மறுபடி ஒரு 'டொக்'. பிறகு கேஸ் நாற்றம். எல்லோரும் இறங்கி ஓடியதில் அவள் செருப்பு கழன்றுவிட்டது. டிக்கியைத் திறந்தால் இரண்டு டப்பாக்களின் அடி முட்டிக்கொண்டு நின்றிருக்கிறது.

தோழியின் சித்தப்பா தூரத்தில் மதகுச் சுவரில் உட்கார்ந்து புகைத்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார். "அண்ணே, என்னத்தண்ணே அடைச்சு அனுப்புனீக? ஆளாளுக்கு முறுக்கு, அதிரசம் அடைச்சு அனுப்புவாக. நீங்க எமன அடைச்சு அனுப்பிருக்கீக!"

"டப்பாவெல்லாம் எங்க?"

"நான் வச்சுக் கொஞ்சிக்கிட்டா இருப்பேன்? அஞ்சையும் கீழ வீசிட்டேன். ஒவ்வொண்ணும் எம்புட்டுத் தூரம் போச்சுங்கிறீக!"

நான் என்ன செய்தேன் என்பதை எழுதத்தான் வேண்டும். அவருடைய இரண்டு கையையும் பிடித்து, "நல்ல காரியம் செஞ்சீக" என்றேன். கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. என் பிள்ளை பிழைத்தாள், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. உடம்பெல்லாம் லேசாகி, சிரிப்புகூட வந்தது.

மகள்தான் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "கீழ யாராச்சும் இருப்பாகளாப்பா?"

"கீழ யாரு இருக்கா ஆத்தா? தோட்டந்தான்" என்றார் அவர்.

தோட்டந்தான். நானும் தலையாட்டினேன். பச்சைப் பசேலென்று சரிந்து இறங்கும் தேயிலைக்குள் ஆள் இருந்தால் மேலிருந்து தலைகூடத் தெரியாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் தலையாட்டினேன்.

கால் மணி நேரம் கழித்து, நாங்கள் வீட்டுக்குத் திரும்பக் காரின் கதவுகளைச் சாத்திக்கொண்டிருந்தபோது, செடிகளுக்கு நடுவில் ஒற்றையடிப் பாதையில் ஒரு பெண் ஏறி வந்தார். என் வயதுதான் இருக்கும். தலையில் துண்டு, இடுப்பில் சாக்கு, முதுகில் கொழுந்து மூட்டை. மூச்சு வாங்கச் சாலைக்கு வந்து, மூட்டையைக் கவனமாக இறக்கி, கொழுந்துக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்து என் காலடியில் வைத்தார். நான்கு டப்பாக்கள். ஒன்றின் அடி உப்பியிருந்தது; உப்பிய இன்னொன்று அதில் இல்லை. அவர் முதுகின் சூட்டில் அது இவ்வளவு தூரம் ஏறி வந்திருக்கிறது. நான் மகளைப் பின்னால் தள்ளினேன். அந்த அம்மாவைத் தள்ள எனக்குத் தோன்றவில்லை.

"ஒங்களோடதுதான? தவறி விழுந்துருச்சுபோல. ஒண்ணு என் பக்கத்துலதான் வந்து விழுந்துச்சு, ஏதோ கல்லுன்னு பயந்துட்டேன்" என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "காலி டப்பான்னா விட்ருப்போம் சார். அது தெனமும் மேலருந்து விழுகும். இது கனமா இருந்துச்சு, பாவம் சமைக்கக் கொண்டுவந்தது, தேடுவாகளேன்னு எடுத்துட்டு வந்தேன். இன்னும் ஒண்ணு ஓடைப் பக்கமா உருண்டுருச்சு. எங்க ஆளுக தேடிக்கிட்டுத்தான் இருக்காக. நீங்க கவலப்படாதீக, கெடைச்சிரும்."