ஆகமன காலத்துக் கால்மணி நேரம்

மலாயாவில், பாலோ ரயில் நிலையத்தில் இறங்கி மாட்டு வண்டி பிடித்தால் இரண்டு மணி நேரத்தில் வந்துவிடும் அந்த ரப்பர் தோட்டம். பால் வெட்டப் போகிறவர்கள் விட்டுப்போகும் பிள்ளைகளை அங்கே ஆயாக் கொட்டகையில் பார்த்துக்கொண்டவள் அடைக்கலமேரி. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் யாருக்குப் பிரசவ வலி எடுத்தாலும் மருத்துவச்சியும் அவள்தான். வயது முப்பத்தெட்டு. புருஷன் மலைக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம். கூடப் பிறந்தவள் சவரியாயி ஒருத்தி, பதினாறு வயது இளையவள். தாயில்லாத அந்தத் தங்கச்சியை இடுப்பில் வைத்து வளர்த்து, சந்தியாகுவுக்குக் கட்டிக்கொடுத்ததும் அடைக்கலம்தான். மூன்று பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள்.

1929-ஆம் வருஷம் டிசம்பர் பிறந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரமான ஆகமன காலம் தொடங்கிய நாளிலிருந்து அடைக்கலம் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவள் போல ஓடிக்கொண்டிருந்தாள். கோயில் கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடிப்பது அவள். குடிலுக்கு மூங்கில் வெட்டிவருவது அவள். நட்சத்திர விளக்குக்குக் காகிதம் ஒட்டுவது, பீடத்துத் துணி துவைப்பது, அடுத்த வீட்டுக்காரிக்கு முறுக்கு பிழிந்து கொடுப்பது, எல்லாம் அவளே. “அடைக்கலத்துக்கு என்ன பக்தி பாரேன்!” என்று ஊர் மெச்சியது. பக்தியாவது மண்ணாவது! அவளை ஓட வைத்தது பயம்.

போன வருஷம் இதே டிசம்பரில் சவரியாயிக்குத் தலைப்பிரசவம். மத்தியானம் மூன்று மணிதான், ஆனால் வெளியே மழை வானத்தைப் பிளந்துகொண்டு ஊற்றியதில் அறைக்குள் கண் தெரியவில்லை. பிள்ளை பிறந்தது. அழவில்லை. அடைக்கலம் தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள், வாயில் ஊதினாள், உள்ளங்காலைத் தேய்த்தாள். நெஞ்சு மட்டும் குருவிக்குஞ்சு போல அடித்துக்கொண்டது. இது நிற்காது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சாகக் கிடக்கிற பிள்ளைக்குச் சாமியாருக்காகக் காத்திருக்க வேண்டாம், யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது அவர்கள் வேதத்து வழக்கம். கொடுக்காமல் போனால் அந்த ஆத்துமம் மோட்சத்துக்குள் போகாது, ஆண்டவர் முகத்தைப் பார்க்காது என்றுதான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அடுப்போரம் இருந்த தகர டப்பாவை எட்டி எடுத்தாள். பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்து என்று மூன்று தரம் சொல்லி நெற்றியில் ஊற்றினாள். பிள்ளை அரை நாழிகைகூடத் தங்கவில்லை. மறுநாள் காலையில், ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு மட்டுமான மந்திரித்த மண்ணில் புதைத்துச் சிலுவை நட்டார்கள்.

புதைத்துவிட்டு வந்து அடுப்படியைக் கழுவப் போனவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அடுப்போரம் ஒரே மாதிரி இரண்டு டப்பா இருந்தன. தண்ணீர் டப்பா விளிம்பு வரை நிறைந்திருந்தது. சோறு வடித்த கஞ்சி டப்பாதான் பாதி காலியாகக் கிடந்தது.

கஞ்சியில் ஞானஸ்நானம் ஏது? ஞானோபதேசப் புத்தகத்தில் தெளிவாக இருக்கிறதே! மழைத்தண்ணீர் ஆகும், கிணற்றுத் தண்ணீர் ஆகும், ஆற்றுத் தண்ணீர், கடல் தண்ணீர்கூட ஆகும். பால் ஆகாது, எண்ணெய் ஆகாது, கஞ்சி ஆகாது. சவரியாயியோ அழுகைக்கு நடுவே ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள். “போனாலும் ஞானஸ்நானம் வாங்கிக்கிட்டுத்தானேக்கா போச்சு என் புள்ள.” அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் தங்கச்சி உயிரோடு இருக்கிறாள் என்று அடைக்கலம் நினைத்தாள். அதை எப்படிப் பிடுங்குவது? டப்பாவைக் கவிழ்த்துக் கழுவி, வாயையும் மூடிக்கொண்டாள்.

ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் ஜொகூர் பாருவிலிருந்து சாமியார் வந்தபோது காய்ச்சல் என்று சொல்லிப் போர்த்திக்கொண்டு படுத்தாள். சாமியார் காதில் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னால் என்ன ஆகும்? ஞானஸ்நானம் செல்லாது என்பார். மந்திரித்த மண்ணில் இது எப்படி இருக்கலாம், தோண்டி எடுத்து வேலிக்கு வெளியே போடு என்பார். சாமியார் அப்படிச் சொல்கிறவர்தானா என்று யாரிடமும் கேட்டதில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மண்வெட்டிச் சத்தம் எங்கே கேட்டாலும் அவள் கல்லறைப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

இப்போது மறுபடியும் டிசம்பர். சவரியாயிக்கு மறுபடியும் நிறைமாதம். சாமியார் இல்லாத நாளில் கோயிலை நடத்தும் உபதேசியார் ராயப்பன் வேறு, முதல் ஞாயிற்றுக்கிழமையே ஒரு குண்டைப் போட்டார்.

“நாலாம் ஞாயித்துக்கெழம சாமியார் வர்றாங்க. எல்லாரும் பாவசங்கீர்த்தனம் பண்ணணும். அதுக்கு மனசு அடங்கணுமில்ல? தெனமும் சாயங்காலம் கால்மணி நேரம் கோயில்ல வந்து வாயத் தொறக்காம உக்காருங்க. ஜெபமாலையும் வேணாம், பாட்டும் வேணாம். ஆகமன காலம்னா காத்துக்கிட்டு இருக்கறது. முறுக்கு சுடறது இல்ல.”

மற்றவர்களுக்கு அது சொர்க்கம். விடியுமுன் எழுந்து பால் வெட்டி, வாளி சுமந்து நொந்த உடம்பு, கால்மணி நேரம் சும்மா கிடந்தால் கசக்குமா என்ன? ஒன்றிரண்டு பேர் குறட்டையும் விட்டார்கள். அடைக்கலத்துக்கு மட்டும் அது தூக்குமேடை. முதல் நாள் உட்கார்ந்து பார்த்தாள். கண்ணை மூடியதும் அந்த டப்பா வந்து நின்றது. பாதி காலியான டப்பா. எழுந்தவள்தான், “பீடத்துத் துணி மழையில கெடக்கு” என்று ஓடினாள். மறுநாள் மூங்கில். அதற்கு மறுநாள் சுண்ணாம்பு. ஒரு நாள் உபதேசியார் பிள்ளைகளைப் பார்த்து, “ஞானஸ்நானத்துக்கு எந்தத் தண்ணி ஆகும்?” என்று கேட்க, அவை கோரஸாக ஒப்பிக்க ஆரம்பித்தன. கடைசிப் பதில் காதில் விழுமுன் அவள் கொட்டகையைத் தாண்டியிருந்தாள்.

“அக்கா, செத்த எங்கூட உக்காரேன். ஒண்ணு சொல்லணும்” என்றாள் சவரியாயி ஒரு நாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

“அடுப்புல மாவு தீயுதுடி!” அடுப்பில் மாவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

வெள்ளிக்கிழமை. இன்னும் இரண்டே நாளில் சாமியார். கோயில் சுவரில் அடைக்கலம் சுண்ணாம்பு மட்டையும் கையுமாக நின்றபோது, பக்கத்து வீட்டுக் கருப்பாயி கொட்டும் மழையில் ஓடிவந்தாள்.

“அடைக்கலம்க்கா! சவரிக்கு வலி எடுத்துருச்சு. அவ புருஷன் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸர கூட்டியாரப் போயிருக்காரு. ஆத்துல தண்ணி ஏறிக் கெடக்காம், எப்ப வருவாங்களோ!”

மட்டை கையிலிருந்து விழுந்தது. அதே மாதம், அதே மழை, அதே மூன்று மணி இருட்டு. சேசு மரி சூசையே, என்னை மட்டும் ஏன் இப்படிச் சோதிக்கிறீர்? கால் வீட்டுக்கு ஓடியது, மனசு காட்டுக்கு ஓடியது.

அறைக்குள் போனதும் அவள் கண் தங்கச்சியைப் பார்க்கவில்லை. அடுப்போரத்தைப் பார்த்தது. வாசல் பக்கம் பின்வாங்கினாள்.

“கருப்பாயி, நீ பாரு. என்னால முடியாது. என் கை ராசியில்லாத கை.”

“என்னக்கா பேசறீங்க? எனக்கு என்ன தெரியும்?”

“முடியாதுடி!”

வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த சவரியாயி கையை நீட்டி அக்காவின் முந்தானையைப் பிடித்தாள். விடவில்லை.

“உக்காரு. இன்னிக்கி ஓட முடியாது ஒன்னால. கஞ்சிய காலையிலயே கொட்டிட்டேன். டப்பா ரெண்டையும் வெளிய வீசிட்டேன். தலமாட்டுல மண்சட்டி இருக்கு பாரு, அது மழத்தண்ணி. வெரல விட்டுப் பாரு.”

அடைக்கலம் சட்டியையும் தங்கச்சியையும் மாறி மாறிப் பார்த்தாள். “ஒனக்கு... எப்படிடி?”

“புள்ளய பொதைக்கறதுக்கு முன்னால நாந்தானே தொடச்சேன். நெத்தி பிசுபிசுன்னு இருந்துச்சு. காதோரம் ஒரு சோத்துப் பருக்கை.” வலி வந்து பேச்சை அறுத்தது. அது போகும்வரை இருவரும் காத்திருந்தார்கள். “ஒனக்குத் தெரிஞ்சா நீ உசுரோட இருக்க மாட்டேன்னு பயந்தேன். அதனாலதான் ஞானஸ்நானம் வாங்கிட்டுப் போச்சு, வாங்கிட்டுப் போச்சுன்னு ஒன் காதுல விழற மாதிரி சொல்லிக்கிட்டே இருந்தேன். அப்பறம் நீ ஒரு எடத்துல உக்காராம ஓடறதப் பாத்துத்தான் தெரிஞ்சுச்சு, நீயும் கண்டுபிடிச்சுட்டேன்னு. சொல்லலாம்னா நீ உக்காந்தாதானே!”

ஒரு வருஷம்! ஒருத்தியைக் காப்பாற்ற இன்னொருத்தி என்று இரண்டு பேரும் ஒரே முள்ளைத் தொண்டையில் வைத்துக்கொண்டு ஒரே அடுப்பில் பொங்கித் தின்றிருக்கிறார்கள். அடைக்கலம் ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே உட்கார்ந்தாள். சட்டியில் விரலை விட்டாள். சில்லென்று, வெறும் தண்ணீர்.

பிள்ளை வர இன்னும் ஒரு மணி நேரம் ஆனது. பெண் பிள்ளை. வந்ததும் அழவில்லை.

கருப்பாயி வாயைப் பொத்திக்கொண்டாள். மழை மட்டும் கூரையில் அடித்தது. அடைக்கலம் பிள்ளையின் வாயைத் துடைத்தாள், முதுகைத் தேய்த்தாள், பிறகு ஒரு கையைச் சட்டித் தண்ணீரில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பயம் இல்லையா என்றால், இருந்தது. ஆனால் அவள் எழுந்து ஓடவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று மூச்சு. பிதாவுடைய என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்தபோது பிள்ளை முகத்தைச் சுளித்து, லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி வீறிட்டது.

“அக்கா, மண்ணுக்குள்ள இருக்கற மூத்தது?” என்றாள் சவரியாயி, வெகு நேரம் கழித்து. “சாமியார் என்ன சொல்லுவாரு?”

“தெரியாது. கேக்கறேன். தோண்டணும்னு சொன்னா, மொதல்ல என்னத் தோண்டிப் பொதைக்கச் சொல்றேன்.”

மறுநாள் சாயங்காலம் கோயில் கொட்டகையில் சுவர் பாதிதான் வெள்ளையாக இருந்தது. நட்சத்திரத்தில் ஒரு முனைக்குக் காகிதம் ஒட்டவில்லை. பீடத்துத் துணி எங்கோ மழையில் நனைந்துகொண்டிருந்தது. அடைக்கலம் முன்வரிசைப் பாயில் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாள். கண்ணை மூடியதும் வழக்கம் போல அந்த டப்பா வந்து நின்றது. அவள் எழுந்திருக்கவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கால்மணி முடிந்து எல்லோரும் கலைந்தார்கள். அவள் அசையாததைக் கண்டு உபதேசியார் பதறிப்போய்ப் பக்கத்தில் வந்தார்.

“என்ன அடைக்கலம், ஒடம்பு கிடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்கேன் உபதேசியாரே. நாளைக்கி சாமியார்கிட்ட மொத ஆளு நாந்தான். பயமா இருக்கு. இன்னொரு கால்மணி நேரம் உக்காந்துக்கறேன்.”