தேயிலைப் பெட்டியில் வெந்த சோறு

கொச்சியில் மட்டாஞ்சேரி ஜெட்டியிலிருந்து எர்ணாகுளத்துக்குப் படகில் அலுவலகம் போய்வந்த காலத்தில் எண்ணெய்க் கப்பல்களை எண்ணுவது என் வழக்கம். சரக்கோடு வரும் கப்பல் தண்ணீரில் அமிழ்ந்திருக்கும். இறக்கிவிட்டுத் திரும்பும்போது அடிப்பாகத்தின் சிவப்புச் சாயம் மாடி உயரத்துக்கு வெளியே தெரியும். அவ்வளவையும் வெளிநாட்டிலிருந்து வாங்கி எரிக்கிறோமே என்று எனக்குக் கவலையாக இருக்கும். இப்போது பெரிய கப்பல்கள் வைப்பின் தீவுக்கு அப்பால் கடலிலேயே நின்று குழாய் வழியாக இறக்குகின்றனவாம். எண்ண முடிவதில்லை. அதுவும் எனக்கு ஒரு குறைதான்.

வளைகுடாவில் போர் வந்த வருடம், கப்பலை விட்டுவிட்டு எங்கள் மண்ணெண்ணெய் டின்னில் குச்சி விட்டு அளக்க ஆரம்பித்தேன். ரேஷன் கடைக்காரர் எப்போது கேட்டாலும் "அடுத்த ஆழ்ச்ச நோக்காம் சாரே" என்பார். அந்த அடுத்த வாரம் வரவில்லை. நாங்கள் இருந்த மாடியில் விறகு எரிக்க வீட்டுக்காரர் விடமாட்டார். என் மனைவியோ மசாலாக் கிடங்கில் மூட்டை தூக்கும் ஒன்பது பேருக்கு மதியச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தாள். எல்லோரும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். அதை நம்பித்தான் எங்கள் மகள் நர்சிங் படித்தாள். இந்த ஊர்ச் சிவப்பரிசி சாமானியமாக வேகாது. டின்னில் இருந்த மண்ணெண்ணெய் குழம்புக்குத்தான் காணும், சோற்றுக்குக் காணாது.

அப்போதுதான் வாசகசாலையில் எரிபொருள் சிக்கனம் பற்றி ஒரு கூட்டம் நடந்தது. கல்லூரிப் பெண் ஒருத்தி வைக்கோல் அடைத்த பெட்டியைக் காட்டினாள். சூடாறாப் பெட்டி என்றாள். அரிசியைக் கொஞ்ச நேரம் கொதிக்கவிட்டு, பானையை மூடி உள்ளே இறக்கிவிட்டால் மீதி வேக்காட்டுக்குத் தீயே வேண்டாமாம். நாட்டில் எல்லா வீட்டிலும் இப்படிச் சமைத்தால் எத்தனை கப்பல் குறையும் என்று கேட்டாள். நான் கப்பல்களைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மனைவி பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாளே பழைய தேயிலைப் பெட்டி ஒன்றை வாங்கி வந்து, வைக்கோலும் கிழிந்த சாக்குகளும் திணித்து வைத்தாள்.

அந்த வாரம் நான் முட்டி வீங்கி விடுப்பில் இருந்தேன். அதுதான் வினை. அவள் பானையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு மீன் வாங்கப் போனதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. திறந்து பார்த்தேன். கொதி அடங்கியிருந்தது. மூடினேன். மறுபடியும் சந்தேகம் வந்தது.

அவள் வந்து பார்த்தாள். "சாக்கு இடம் மாறியிருக்கு. எத்தனை தடவை தொறந்தீங்க?"

"நாலு."

"எண்ணி வேற வச்சிருக்கீங்களா!"

அன்று சோறு பல்லில் கடகடத்தது. "அக்கா, இது சோறா, கடலையா?" என்று ஒருவன் சிரித்தான். அவர்களில் மூத்தவர் சிரிக்கவில்லை. கை கழுவிவிட்டுச் சொன்னார்: "கோவிச்சுக்காதம்மா. மூட்டை தூக்குற வயிறு. நாளைக்கும் இப்படின்னா எதுத்தாப்புல ஹோட்டலுக்குப் போயிருவோம்."

மறுநாள் டின்னில் குச்சியின் நுனிதான் நனைந்தது. அவள் குழம்பை முதலில் முடித்தாள். பிறகு அரிசியைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, பானையைப் பெட்டிக்குள் இறக்கி, சாக்கைத் திணித்து, பலகையைப் போட்டு, அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள். மடியில் முறத்தை வைத்துப் பயறு பொறுக்கினாள்.

"உள்ளே என்ன நடக்குதுன்னு தெரியாம எப்படி இருக்கறது?" என்றேன்.

"என்னமோ நடக்கட்டும். நீங்க போய்க் கப்பலை எண்ணுங்க."

பம்ப் ஸ்டவ் சீறாத வீடு எனக்குப் பழக்கமில்லை. அந்த அமைதி பயமாக இருந்தது. தெருவில் கைவண்டி போவதும் காகம் கத்துவதும் கேட்டன. பெட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை.

படியில் காலடிகள் கேட்டபிறகுதான் எழுந்தாள். அவர்கள் இலை போட்டு உட்கார்ந்தார்கள். பலகையை எடுத்தாள், சாக்கை உருவினாள், பானை மூடியைத் திறந்தாள். ஆவி எழும்பி அவள் முகத்தை மறைத்தது. அடியில் கிடந்த அரிசி பானையின் கழுத்துவரை உப்பி நின்றது. ஒவ்வொரு பருக்கையும் வாய் பிளந்திருந்தது. ஒன்றை எடுத்து நசுக்கினாள். வெண்ணெய் போல் நசுங்கியது. அவள் இலைகளில் பரிமாறத் தொடங்கினாள். கொதித்ததும் நாம் வீட்டுக்குள் சிதறவிடும் வெறும் சூடு, அதைப் போகவிடாமல் பிடித்துவைத்தால் ஒன்பது பேருக்குச் சோறாகிறது!

மூத்தவர் முதல் கவளத்தை மென்றார். பிறகு இடது கையால் ஸ்டவ்வைத் தொட்டுப் பார்த்தார்.

"தீ எங்கம்மா?"

"அதை அணைச்சு ரொம்ப நேரமாச்சுண்ணே."

அவர் என்னைப் பார்த்தார். இலையைப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் போடும்மா," என்றார். ஹோட்டல் பேச்சை எடுக்கவே இல்லை.

அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை நான் ஸ்டவ்வின் மேல் கை வைத்தபடியே நின்றிருந்தேன். சில்லென்று இருந்தது.