அறுந்துபோகாத பெல்ட்

பட்டறையில் அவருக்கு ஜோசியர் என்று பெயர். கைரேகை பார்க்கத் தெரியாது. என்ஜின் மூடியைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இந்த பேரிங் ரெண்டு மாசம் தாங்கும் சார்" என்பார். இரண்டாவது மாசம் வண்டி நடுரோட்டில் படுத்துவிடும். நியாயமாகப் பார்த்தால் இதற்கு அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருக்க வேண்டும். மாறாகக் கருநாக்கு என்றார்கள். நின்றுபோன வண்டியை அவர் முகத்துக்கு நேரே கொண்டுவரக் கூச்சப்பட்டு, அடுத்த தெருப் பட்டறைக்குக் கயிறு கட்டி இழுத்துப் போனார்கள். அவர் சொன்னது பலித்த ஒவ்வொரு தடவையும் பட்டறைக்கு ஒரு வாடிக்கையாளர் குறைந்தார்.

சொந்தத்திலும் இதே கதைதான். தங்கச்சி புருஷன் வாடகை வேன் ஓட்டுகிறவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த வேனின் டைமிங் பெல்ட்டைப் பார்த்துவிட்டு ஜோசியர் பதறிப்போனார்.

"மாப்ள, பல்லெல்லாம் வெடிச்சுக் கெடக்கு. ஓடும்போது அறுந்தா என்ஜினே காலி. மாத்திடலாம்."

"என் தலையிலயே மிளகாய் அரைக்கப் பாக்குறீங்களா மச்சான்?" என்று மாப்பிள்ளை சிரித்தார். சிரித்தாலும் அது கோபம்தான்.

அடுத்த மாதம் மாப்பிள்ளை காய்ச்சலில் நாலு நாள் எழுந்திருக்கவில்லை. தங்கச்சி வேன் சாவியோடு வந்து நின்றாள். "அண்ணே, பிள்ளைங்களையும் அதுலதான் ஏத்திக்கிட்டுப் போறாரு. அவருக்குத் தெரியாம மாத்திக் குடுத்துடுங்க. தெரிஞ்சா என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும். கேட்காமல் ஒரு இரும்பு பீரோ வாங்கியதற்கு அவளைப் பெட்டியும் கையுமாக அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவைத்த மனிதர் அவர். நாலு மாதம் தங்கச்சி சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தாள். அதை இன்னொரு தடவை பார்க்க ஜோசியருக்குத் தெம்பில்லை. விடுமுறை நாளில் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தன் செலவில் புது பெல்ட் போட்டு, மேல்மூடியைத் துடைக்காமல் பழைய அழுக்கோடே மாட்டிவிட்டார். யாரிடமும் மூச்சுவிடவில்லை.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் முதலாளியம்மா இந்த வருஷம் ஒரு பொறுப்பைக் கொடுத்தார். நின்றுபோன வண்டிகளை மட்டும் நம்பி இனி காலம் தள்ள முடியாது, ஓடுகிற வண்டியை முன்கூட்டியே பார்த்துச் சரிசெய்கிற வேலையைப் பிடிக்க வேண்டும் என்பது அந்தம்மாவின் யோசனை. வாசலில் 'பழுதாகும் முன் வாருங்கள்' என்று பலகை மாட்டினார்கள்.

"மூணு மாசம் பாப்போம்ண்ணே. சரிப்பட்டு வரலேன்னா இடத்தை டயர்க்காரருக்குக் குடுத்துடுவேன். என்னைத் தப்பா நெனைக்காதீங்க."

அவர் தப்பாக நினைக்கவில்லை. பயந்தார். ஐம்பத்தேழு வயசு, மடங்காத வலது முட்டி. இந்த வாசல் இறங்கினால் இன்னொரு பட்டறையில் கால் வைக்க முடியாது.

அவரும் பழைய வாடிக்கைக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுப் பார்த்தார். "நல்லாத்தானே ஓடுது, அதை ஏன் நோண்டணும்?" என்றார் ஒருவர். "வேணாம்ப்பா, நீ பாத்தா ஏதாவது கெளம்பும்" என்றார் இன்னொருவர். கன்னம் வீங்கினால் ஒழியப் பல் டாக்டரை எட்டிப் பார்க்காத ஜனங்கள், வண்டிக்கு மட்டும் வந்துவிடுவார்களா என்ன? இரண்டரை மாதத்தில் நாலு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் வழி கேட்க வந்தவர்.

கெடு முடிய நாலு நாள் இருக்கும்போது பிஸ்கட் கம்பெனியின் வண்டி மேலாளர் வந்தார். ஒன்பது வேன் அவர் பொறுப்பில். மழையில் ஒரு வேன் வழியிலேயே நின்று, ஏற்றிய சரக்கெல்லாம் நனைந்து, மேலிடத்தில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர். ஜோசியர் அவர் வந்த வேனையே திறந்து, விளக்கைப் பிடித்து, பெல்ட்டில் விரலை வைக்கச் சொன்னார். வெடிப்பு விரலுக்குத் தெரிந்தது.

"ஒம்பதையும் நீங்களே பாத்துருங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவை" என்றார் மேலாளர். முதலாளியம்மா ஒப்பந்தத் தாளை மேசையில் விரித்தார். மேலாளர் பேனாவைத் திறந்தார். பல மாதத்துக்குப் பிறகு ஜோசியருக்கு நெஞ்சுக்குள் லேசாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை ஹெட்லைட் பல்பு மாட்ட வந்தார். தாளைப் பார்த்தார், மேலாளரைப் பார்த்தார். ஊருக்கு உபகாரம் செய்கிற ஆசை வந்துவிட்டது.

"சார், இவரு என் மச்சான்தான். வேலையில தங்கமான ஆளு. என்ன, கொஞ்சம் பயங்காட்டுவாரு. மூணு வருஷத்துக்கு முன்னாடி என் வேன் பெல்ட் இன்னைக்கோ நாளைக்கோன்னாரு. நான் மாத்தவே இல்ல. அதே பெல்ட்டுதான் இன்னும் ஓடுது."

மேலாளர் ஜோசியர் பக்கம் திரும்பினார். "அப்படியா?"

ஒரே ஒரு வாக்கியம் போதும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கூடவே பெட்டியும் கையுமாக வாசலில் நிற்கிற தங்கச்சியும் கண்ணுக்குள் வந்தாள். வந்ததை மென்று முழுங்கிவிட்டு, "சில பெல்ட்டு அப்படி ஓடும் சார்" என்றார்.

மேலாளர் பேனாவை மூடினார். "யோசிச்சுச் சொல்றேன். எது நின்னாலும் உங்ககிட்டதான் கொண்டு வருவேன்." இப்படிச் சொல்லிவிட்டுப் போன ஒருத்தரும் இதுவரை திரும்பி வந்ததில்லை.

"ஏண்ணே ஒரு வார்த்தை மறுத்துப் பேசல?" என்று முதலாளியம்மா கேட்டார். ஜோசியர் மாப்பிள்ளை கேட்ட பல்பைத் தேடி எடுத்தார். அந்தம்மா திட்டவில்லை. அவர் எதிரிலேயே டயர்க்காரருக்கு போன் போட்டு, திங்கட்கிழமை வந்து இடத்தை அளந்துகொள்ளச் சொன்னார்.

ஜோசியர் வெளியே வந்து மாப்பிள்ளையின் வேனுக்குப் பல்பு மாட்டினார்.

"கோவமா மச்சான்? அந்தாளு பாவம், வெட்டியா காசு அழப்போறாரேன்னுதான் சொன்னேன்."

"கோவமெல்லாம் இல்ல மாப்ள."

"சரி, உண்மையச் சொல்லுங்க. என் பெல்ட்டு இன்னும் எவ்வளவு நாள் தாங்கும்?"

தான் மாட்டிய நாளிலிருந்து ஓடிய தூரத்தை அவர் மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். "ரெண்டு வருஷம். அதுக்கு மேல ஒரு நாள்கூட ஓட்டாதீங்க. பிள்ளைங்க போற வண்டி மாப்ள, கெஞ்சிக் கேக்குறேன்."

மாப்பிள்ளை அவர் தோளில் தட்டிவிட்டு வேனில் ஏறினார். "அன்னைக்கும் இதேதான் சொன்னீங்க மச்சான்."